அண்ணியின் முதுகு

அவளிடம் பைலாட்டீஸ் உடற்பயிற்சி கற்க வரும் பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘முதுகு டீச்சர்’. யார் கூன் போட்டு உட்கார்ந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும், பட்டால் விடமாட்டாள். மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை, பன்னிரண்டு விரிப்புகள், சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. அங்கே பதினோரு வருடமாக வகுப்பு எடுக்கிறாள்.

சான்றிதழைப் புதுப்பிக்க இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பயிற்சியாளர் மாநாட்டுக்குப் போயாக வேண்டும். இந்தத் தடவை அது வெளியூரில், ஒரு ஹோட்டலின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்தது. முதல் நாள் முழுக்க மூச்சைப் பற்றியே பேசினார்கள். இடைவேளையில் டீயும் கையுமாக நின்ற நூற்றைம்பது பேரும் நிமிர்ந்தே நின்றார்கள். அதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாம் நாள் காலை எலும்பு மருத்துவர் ஒருவர் வந்தார். எடுத்த எடுப்பிலேயே ஒரு கேள்வி.

“மல்லாந்து படுத்து, முதுகைச் சுருட்டிக்கிட்டே எழுந்து கால்விரலைத் தொடறது. அம்பது தாண்டினவங்களுக்கு இதை யார் யார் சொல்லிக் குடுக்கறீங்க?”

கூடத்தில் முதலில் எழுந்தது அவள் கைதான்.

“எலும்பு அடர்த்தி பாத்துட்டுத்தானே?”

பாதிக் கைகள் இறங்கின. அவள் கை காதோரம் வந்து, முடியை ஒதுக்குவதுபோல் அங்கேயே தங்கிவிட்டது.

திரையில் ஒரு படம் விழுந்தது. முதுகெலும்பு ஒன்று முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தது. எலும்பு மெலிந்தவர்கள் இப்படி மடங்கினால் நசுங்கலாம், பெரிய வலி இல்லாமல்கூட நடக்கலாம் என்றார் மருத்துவர். “உயரம் குறைஞ்சிருக்கான்னு கேளுங்க. பாதி அதுலயே தெரிஞ்சிடும்.”

அவள் அண்ணன் மனைவிக்கு அறுபத்திரண்டு வயது. மூன்று வருடமாக இதே பயிற்சியை ஒருநாள் விடாமல் செய்துவருகிறாள். போன மாதம், “மேல் தட்டு எட்ட மாட்டேங்குது, உங்க அண்ணன் அலமாரிய ஏத்தி மாட்டிட்டாரோ?” என்று அண்ணி கேட்க, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடு முதுகு வலிக்கிறது என்றபோது, “இன்னும் நல்லா மடங்குங்க அண்ணி, இறுக்கம் விட்டுடும்” என்றதும் இவள்தான்.

வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி வெளியே வந்து ஃபோன் போட்டாள்.

“அண்ணி, இன்னைக்குப் பயிற்சி பண்ணாதீங்க.”

“நல்லாயிருக்கே! ஆறு மணிக்கே முடிச்சாச்சு. எப்பவும் பத்து. நீ ஊர்ல இல்லன்னு ஏமாத்தக் கூடாதுல்ல, இருபதாப் பண்ணிட்டேன்.”

“முதுகு?”

“அது வழக்கம்போல. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். நான் வர்ற வரைக்கும் குனியாதீங்க அண்ணி. எதையும் தூக்காதீங்க.”

“சரிங்க டீச்சர்” என்று சிரித்துக்கொண்டே வைத்தாள் அண்ணி.

ஊருக்கு வண்டி மாலை ஐந்தரைக்குத்தான். அதுவரை இன்னும் மூன்று வகுப்புகளில் உட்கார்ந்திருந்தாள். காதில் எதுவும் ஏறவில்லை. கடைசியில் ஒரு படிவம் வந்தது. ‘இம்மாநாடு உங்கள் பணிக்குப் பயன்பட்டதா?’ பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். படிவங்களைச் சேகரித்த பெண், “எழுதலன்னாலும் பரவாயில்ல மேடம்” என்று வாங்கிக்கொண்டு போனாள்.

அந்த வாரமே எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன.

“பயிற்சியாலதானா டாக்டர்?” என்று கேட்டாள்.

“இருக்கலாம். தானாவும் ஆகும். படத்தப் பாத்து யாராலயும் சொல்ல முடியாதும்மா.”

வீட்டுக்கு வந்ததும் அண்ணியின் எதிரே உட்கார்ந்தாள். “நான் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கணும் அண்ணி. வலிக்குதுன்னு சொன்னப்பவாவது நிறுத்தியிருக்கணும்.” ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

“போடி. வயசானா தேயாம என்ன பண்ணும்? மாடிப்படி ஏற முடியாமக் கிடந்தவளை ஏற வச்சவ நீ.” டாக்டர் போடச் சொன்ன முதுகு பெல்ட்டை அண்ணி கொஞ்சம் தளர்த்திக்கொண்டாள். “ஆனா சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிக்குது. இப்ப எதைப் பண்ணலாம், அதைச் சொல்லு.”

பதினோரு வருடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவள் ஒருமுறைகூட யோசித்து நின்றதில்லை. “தெரியல அண்ணி” என்றாள்.

மறுநாள் மதியம் அறையில் தனியாக உட்கார்ந்து பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டினாள். ஐம்பது தாண்டியவர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டாள். பல எண்கள் உபயோகத்தில் இல்லை. இரண்டு பேர், அவளை யாரென்றே தெரியவில்லை என்றார்கள். ஒருத்தி மட்டும் குரலைக் கேட்டதும் குதித்தாள்.

“அட, நீங்களா! இன்னும் தினமும் பண்றேன் தெரியுமா? என் தங்கச்சிங்க ரெண்டு பேருக்கும் நானே சொல்லிக் குடுத்துட்டேன்.”

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“தங்கச்சிங்க நம்பர் குடுக்கறீங்களா?”

“சின்னவளோடது இருக்கு. நடுவுலவளோட பேச்சுவார்த்தை இல்ல. ஒரு வருஷம் ஆச்சு.”

இருக்கிற எண்ணை எழுதிக்கொண்டாள்.