நின்றுபோன எரிச்சல்

அவரை எல்லோரும் மட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரைக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. தரை சமமா என்று பார்க்கிற ரசமட்டக் கட்டையைக் கையிலிருந்து கீழே வைக்கவே மாட்டார் என்பதால் வந்த பெயர். புதிதாக வேலை கொடுக்கிறவர்கள் பெயரைக் கேட்டுக் கொஞ்சம் தயங்குவார்கள். “பேருதான் மட்டம், வேலை மட்டமில்ல” என்று கூட்டாளி அவர்களைச் சமாதானப்படுத்துவார். சிமெண்ட் குழைத்துக் கொடுக்கும் அந்தக் கூட்டாளிக்கு மட்டம் பதிலுக்கு வைத்த பெயர் கலவை.

டைல்ஸ் வேலை என்பது நாள் முழுக்கத் தரையைக் கும்பிட்டுக்கொண்டிருப்பது. முழங்கால் இரண்டும் மண்ணில், வயிறு மடங்கி, தலை நெஞ்சுக்குக் கீழே. மதியம் குழைத்த சிமெண்ட் இறுகிவிடுமே என்று பத்து நிமிடத்தில் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு டீ, ஒரு சிகரெட், மறுபடி குனிந்துவிடுவார். குனிந்த ஐந்தாவது நிமிடம் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் எதுக்களித்துக்கொண்டு வரும். அதை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்த டைல்ஸை எடுப்பார். சட்டைப் பையில் பென்சிலோடு, எரிச்சலுக்கு மென்று தின்னும் ரோஜா நிற மாத்திரை அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு நாளைக்கு நாலு, சில நாள் எட்டு. நாக்கு எந்நேரமும் ரோஜா நிறத்தில் இருக்கும்.

“வயித்தெரிச்சல் புடிச்ச ஆளுய்யா நீ” என்பார் கலவை.

“நான் போட்ட தரையைப் பாத்து மத்தவனுக்குத்தான் வயித்தெரிச்சல். எனக்கு நெஞ்செரிச்சல்” என்பார் மட்டம். இந்தச் சிரிப்பு பதிமூன்று வருடம் ஓடியது.

கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. மனைவி பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்கிறவர், எதிலும் எழுத்துப் பிழை விடாதவர். இரண்டு பேரும் பிள்ளையைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

மூன்றாவது வாரம் பிள்ளை கக்க ஆரம்பித்தது. பால் குடித்து வாய் துடைப்பதற்குள் பாதி வெளியே வந்துவிடும். சில சமயம் மூக்கு வழியாகவும் வரும். முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழும். ஒருநாள் மதியம் பால் புரையேறி, ஒரு மூச்சு நேரம் சத்தமே இல்லாமல் போனது. தாயின் கையில் பிள்ளையின் உதடு கறுத்து, பிறகு சிவந்தது. அந்த ஒரு மூச்சுக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. மட்டம் வேலைக்குப் போகாமல் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “கக்குற பிள்ள தக்கும்னு சொல்லுவாங்க, பயப்படாதீங்க” என்றாள். அவர்களுக்குத் தைரியம் வரவில்லை.

குழந்தை மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். பிள்ளையை எடை போட்டார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், போன தடவை எடையோடு ஒப்பிட்டார்.

“நல்லா எடை வெச்சிருக்கா. சாப்பாட்டுக் குழாயும் இரைப்பையும் சேர்ற இடத்துல ஒரு இறுக்கம் இருக்கும். உள்ள போனது மேல வராம அதுதான் புடிச்சு வெக்கும். பிறந்த குழந்தைக்கு அது இன்னும் தளர்வா இருக்கு. உக்கார ஆரம்பிச்சா குறையும், ஒரு வயசுல பெரும்பாலும் நின்னுடும். கொஞ்சம் கொஞ்சமாப் பால் குடுங்க. குடிச்சதும் அரை மணி நேரம் நிமுத்திப் புடிங்க. தூங்கும்போது மல்லாக்கத்தான் போடணும், குப்புறப் போடவே கூடாது.”

“அப்ப எதுக்குத்தான் பயப்படணும் டாக்டர்?” என்று மனைவி கேட்டார்.

“பச்சையா வாந்தி எடுத்தா, ரத்தம் வந்தா, பீச்சி அடிச்சா உடனே வாங்க. மூச்சுத் திணறுனா, விழுங்க முடியாம சாப்பாட்ட ஒதுக்குனா, எடை இறங்குனா அப்பவும் காத்திருக்கக் கூடாது. இதுல ஒன்னுகூட இவளுக்கு இல்ல.”

மட்டம் தொண்டையைச் செருமினார். அறைக்குள் வந்ததிலிருந்து அது பத்தாவது செருமலாவது இருக்கும். மருத்துவரின் பார்வை பிள்ளையை விட்டு அவர் பக்கம் போனது.

“உங்களுக்கு எத்தனை வருஷமா எதுக்களிக்குது?”

“எனக்கா? எனக்கென்ன டாக்டர். லேசா எரிச்சல். மாத்திரை போட்டா போயிடும்.”

“தினமுமா?”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி, “தினமும்தான், கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே, பதிமூனு வருஷமா” என்றார்.

“இவளுக்கு வளர வளரச் சரியாயிடும். உங்களுக்கு அப்படி இல்ல. முக்கால்வாசிப் பேருக்கு இது பெருசா எதுவும் பண்ணாது. ஆனா இத்தனை வருஷம் அமிலம் பட்ட குழாயை ஒரு தடவையாவது உள்ள பாத்துடணும். சிகரெட்டையும் விடுங்க” என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

“பிள்ள தேறட்டும், போறேன்” என்றார் மட்டம்.

பிள்ளை தேறியது. ஏழாவது மாதம் உட்கார்ந்தது. கக்குவது ஒரு நாளைக்கு இரண்டு தடவையாகி, வாரத்துக்கு ஒன்றாகி, ஒருநாள் யாரும் கவனிக்காமலே நின்றுபோனது. அதே சமயத்தில் மட்டத்தின் நெஞ்செரிச்சலும் நின்றது.

“அவ நிறுத்துனதும் எனக்கும் நின்னுடுச்சு பாரு. மக கைராசி” என்று சொல்லி மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டார். வீட்டில் சந்தோஷம். ஆஸ்பத்திரிச் சீட்டு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

சில பேருக்கு இப்படி நேரும். வருடக்கணக்காக அமிலத்தில் வெந்த குழாய், தன் உள்தோலை மாற்றிக்கொள்ளும். புதிதாக முளைக்கிற தோலுக்கு எரிச்சல் அவ்வளவாகத் தெரியாது. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தவன் சத்தத்தை நிறுத்தினால் போய்விட்டான் என்றுதான் நினைக்கத் தோன்றும். அவன் வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று மட்டத்துக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது.

முதலில் ரொட்டிதான் மாட்டியது. நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு இடத்தில் போய் நிற்கும். ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். பிறகு இரண்டு மிடறு. சாப்பாட்டைச் சின்னச் சின்னதாகப் பிட்டுப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். “என்னங்க, பிள்ளைக்குப் போட்டியா?” என்று மனைவி சிரித்தார். கால்சட்டை இடுப்பில் நிற்காமல், ஆணியை வைத்து பெல்ட்டில் புதுத் துளை போட்டார். “பிள்ளையத் தூக்கிட்டு அலையவே நேரம் சரியா இருக்கு, உடம்பு எங்க வைக்கும்?” என்று அவரே சொல்லிக்கொண்டார். தெருவில் பார்த்தவர்கள், பிள்ளை வந்ததும் ஆள் இளமையாகிவிட்டார் என்றார்கள்.

பிள்ளைக்குப் பத்தாவது மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கலவை வீட்டுக்கு வந்தார். மட்டம் கடைக்குப் போயிருந்தார். கலவை செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“தங்கச்சி, ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்கண்ணே.”

“நீ கட்டிக் குடுக்கிற சாப்பாடு இருக்கே, ஒரு மாசமா அதை நான்தான் சாப்பிடறேன். பசி இல்லங்கறான். டீயை மட்டும் குடிக்கிறான். டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து தர்றது அவன், சாப்பிடறது நான். சாப்பாடு நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது.”

கலவை போனதும் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஒரு முட்டையை வேகவைத்து உரித்தார். மட்டம் வந்ததும் அவர் முன்னால் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

“சாப்பிடுங்க.”

“அப்புறம் சாப்பிடறேன்.”

“இப்ப சாப்பிடுங்க. நான் பாக்கணும்.”

அவர் கொஞ்சம் பிட்டு வாயில் போட்டார். ரொம்ப நேரம் மென்றார். விழுங்கினார். முகம் மாறவில்லை. கை மட்டும் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. இன்னொரு துண்டு. அதன் பிறகு எழுந்து குழாயடிக்கு நடந்தார். ஓடினால் தெரிந்துவிடும் என்று நடந்தார். மனைவி பின்னாலேயே போனார். சாப்பிட்ட முட்டை சாப்பிட்டபடியே, எச்சில் நூலோடு வெளியே வந்து கிடந்தது.

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும்.”

“பிள்ளைக்கு எடை ஏறுச்சான்னு வாராவாரம் பாத்தியே, உன்ன யாரு நிறுத்துப் பாத்தா?” என்றார் மனைவி. பன்னிரண்டு வருடத்தில் அவர் கணவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

மட்டம் குழாயைத் திறந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்த டாக்டரம்மா அன்னிக்குச் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு. ஒவ்வொன்னா பிள்ளைக்கு இருக்கான்னு பாப்பேன். அவளுக்கு இல்லன்னு ஆனதும் நிம்மதியா இருக்கும். அதுல ரெண்டு எனக்கு இருக்குன்னு கொஞ்ச நாள் முன்னாடிதான் தெரிஞ்சது. போய்ப் பாத்தா பேரு வெச்சுடுவாங்க. பேரு வெக்காத வரைக்கும் வேலைக்குப் போயிட்டு வரலாம்ல.”

மறுநாள் காலை இரண்டு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிள்ளையைக் கலவையின் மனைவி வைத்துக்கொண்டார். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கறுப்புக் குழாயை உள்ளே விட்டார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மருத்துவர் திரையில் படத்தைக் காட்டினார். மேலே வெளிர் நிறத்தில் வழுவழுப்பாக ஓடிய பாதை, கீழே போகப் போகச் செக்கச் சிவந்து நாக்கு நாக்காக மாறியிருந்தது. அதற்கும் கீழே ஒரு பக்கத்துச் சுவர் புடைத்து வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

“சதை கொஞ்சம் எடுத்திருக்கோம். முடிவு வர எட்டு நாள் ஆகும்” என்றார். அந்த எட்டு நாளும் மனைவி அவருக்கு எல்லாவற்றையும் அரைத்துக் கரைத்துக் கொடுத்தார். பிள்ளைக்கும் அப்பாவுக்கும் ஒரே சாப்பாடு. பிள்ளை தன் கிண்ணத்தை முடித்துவிட்டு அப்பாவின் கிண்ணத்தைப் பார்த்தது.

முடிவு புற்றுநோய் என்றுதான் வந்தது. குழாயின் சுவருக்குள் இறங்கியிருக்கிறது, வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை என்றார்கள். மனைவி அந்தத் தாளை வாங்கி, பழக்கதோஷத்தில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது போல வரி வரியாகப் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சீட்டு எழுதிக் குடுத்தப்பவே வந்திருந்தா?”

மருத்துவர் தாளை வாங்கி மறுபடி பார்த்தார். “முன்னாடியே புடிச்சிருக்கலாம். எவ்வளவு முன்னாடின்னு இப்ப சொல்ல முடியாதும்மா. எரிச்சல் இருக்கிற எல்லாருக்கும் இது வராது, நூத்துல ஒருத்தருக்குக்கூட வராது. அதனாலதான் யாரும் பாக்க வர்றதில்ல.”

முதலில் மருந்து ஏற்றினார்கள். பிறகு ஒன்பது மணி நேர அறுவை. குழாயின் கீழ்ப் பாதியையும் இரைப்பையின் மேல் பகுதியையும் வெட்டி எடுத்து, மிச்ச இரைப்பையை நெஞ்சுக்குள் இழுத்துத் தைத்தார்கள். நடுவில் தையல் ஒரு இடத்தில் கசிந்து, இருபத்தொரு நாள் ஆஸ்பத்திரியிலேயே போனது. கலவை தினமும் வேலை முடிந்து சிமெண்ட் படிந்த காலோடு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் மட்டம் கையசைத்துக் கூப்பிட்டு, “நீயும் மாத்திரை திங்கறியா?” என்று கேட்டார். எப்போதாவது என்றார் கலவை. “எப்பவாவதுன்னா எத்தனை?” என்று மட்டம் விடவில்லை. அடுத்த வாரம் கலவையும் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டார். அவருக்கு லேசான புண்தான், வேறொன்றும் இல்லை.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மட்டம் இப்போது குனிகிற வேலை செய்வதில்லை. அளவெடுத்துக் கொடுக்கிறார், மற்றவர்கள் போட்ட தரையைத் தட்டிப் பார்த்து எங்கே அடியில் சிமெண்ட் இல்லாமல் பொள்ளலாக இருக்கிறது என்று சொல்கிறார். ஒரு நாளைக்கு ஆறு தடவை கைப்பிடி அளவு சாப்பிடுகிறார். படுக்கையில் தலைப்பக்கத்துக் கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தியிருக்கிறார்கள். பிள்ளை எதை வேண்டுமானாலும் தின்கிறது, தலைகீழாகத் தொங்குகிறது, ஒன்றும் ஆவதில்லை.

போன வாரம் பரிசோதனைக்குத் தனியாகப் போனார். மனைவிக்கு அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. தையல் போட்ட இடத்துக்கு மேலே ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது, அது தழும்பாகவும் இருக்கலாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் மருத்துவர். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டார். பிறகு மனைவியின் அலுவலகத்துக்கே போய், தட்டச்சு மேசைக்குப் பக்கத்தில் நின்று, மருத்துவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

மனைவி கையை எடுக்காமல், அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்தார். காகிதத்தை உருவி வைத்தார்.

“மூனு மாசம்னா எந்தத் தேதிங்க?” என்று கேட்டார்.