ஆறு தசம் ஒன்று

போன மாதம் நெடுந்தீவுக்குப் போவதற்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றேன். கரையொதுங்கிய சாதாளைக் கடற்புல் வெயிலில் அழுகிக் கிடந்தது. அந்த நாற்றத்தோடு படகின் டீசல் புகையும் சேர்ந்து, மூக்கைப் பொத்தினால் வாய் வழியாக உள்ளே வந்தது. அதை நான் குறைசொல்ல மாட்டேன், பிறந்ததிலிருந்து பழகியது. என்னால் பொறுக்க ஏலாதது வேறொன்று. படகுக்கு வரிசையில் நிற்கும் இடத்தில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரப் பலகை. எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கும் ஒரு பெண், அவளுக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘ஒரு எழுத்தும் தவறாது’.

தவறும். எனக்குத் தெரியும். தவறிய ஓர் எழுத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தவள் நான்.

இருபத்துநான்கு வயதில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பொறியியலுக்கு இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் புள்ளி காணாமல், தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு டிப்ளோமாவோடு நாரந்தனையில் வீட்டில் இருந்தேன். யுத்தம் முடிந்து தீவுகளுக்குப் புதுப்புதுத் திட்டங்களாக வந்துகொண்டிருந்த காலம். பக்கத்து ஊரான சுருவிலின் கரையில் ஒரு நிறுவனம் தொடர்புக் கோபுரம் எழுப்பி, அதன் கீழே இருந்த அறையைப் பார்த்துக்கொள்ள என்னை எடுத்தது. அம்மா ஊர் முழுக்க “பிள்ளைக்குக் கோபுரத்திலை வேலை” என்று சொல்லித் திரிந்தா. எந்தக் கோயில் என்று இரண்டு பேர் கேட்டார்களாம்.

கோயில் என்றால் காகங்களின் கோயில். மேலே இருந்து மீன் தின்று, தலைகளை அறைவாசலில் போடும். காலையில் சைக்கிளை நிறுத்தியதும் என் முதல் உத்தியோகம் மீன்தலை பொறுக்குவது. உள்ளே வௌவால் எச்சமும் சூடான வயரும் கலந்த ஒரு மணம். அந்த மணத்துக்குள் இருந்துகொண்டு நான் என்னை ஒரு விஞ்ஞானி என்று நினைத்திருந்தேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

வேலை இதுதான். நெடுந்தீவு வைத்தியசாலையில் அப்போது இரத்தப் பரிசோதனை வசதி குறைவு. காலைப் படகில் இரத்தம் பட்டணத்து ஆய்வுகூடத்துக்கு வரும். பின்னேரம் அங்கிருந்து முடிவுகள் எனக்குத் தொலைபேசியில் வரும். நான் கொப்பியில் எழுதி, கடலுக்கு மேலால் வானொலிக் கருவியில் நெடுந்தீவுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் கேட்பவர் நேசம் அக்கா. மூத்த தாதி, கண்டிப்பானவர். முதல் நாளே எனக்கு ஒரு சட்டம் போட்டார்.

“பிள்ளை, நீர் எண்ணைச் சொல்லும். நான் திருப்பிச் சொல்லுவன். பிறகு எல்லாத்தையும் கூட்டி எவ்வளவு எண்டு சொல்லும். கூட்டு சரிவராட்டி முதல்லையிருந்து.”

“நேரம் போகுமே அக்கா?”

“போகட்டும். ஆள் போகக்கூடாது.”

முடிவு 5.2 என்றால், ஐந்து தசம் இரண்டு, கூட்டு ஏழு என்று நான் சொல்ல வேண்டும். இரைச்சலில் அவருக்கு ஐந்து எட்டாகக் கேட்டிருந்தால் கூட்டு பத்தாகும். உடனே “பிழை, பிழை” என்று கத்துவார். தேவைக்கு மேலே கொஞ்சம் அனுப்பினால், வழியில் கெட்டதைக் கண்டுபிடித்துவிடலாம். கல்லூரியில் இதை இரண்டு தவணையாகப் படிப்பித்தார்கள், நான் நித்திரை கொண்டேன். நேசம் அக்கா ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தினார்.

அந்தக் கருவியில்தான் சுகந்தி அக்காவைப் பழக்கம். நெடுந்தீவில் முன்பள்ளி ஆசிரியை, என்னிலும் ஐந்து வயது மூத்தவர். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுவார். குளிசை கூடினால் இரத்தம் உள்ளுக்குள் கசியும், குறைந்தால் வால்வில் கட்டிபடும். அதனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் பார்த்து ஓர் எண் எடுப்பார்கள். அவருக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரை கனக்கத் தின்றால் எண் இறங்கும். அவருக்கோ முருங்கையிலை என்றால் உயிர். முடிவு வரும் நாளில் நேசம் அக்காவின் பக்கத்தில் வந்து குந்திவிடுவார்.

“தங்கச்சி, எனக்கு இண்டைக்கு எத்தினை?”

“ரெண்டு தசம் நாலு.”

“ஐயோ, முருங்கையிலை வறை திண்டது பிடிபட்டுப் போச்சு. நேசம் அக்கா முறைக்கிறா.”

பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்கும். பள்ளி வைத்தியசாலைக்குப் பக்கத்து வளவில் இருந்தது. முகம் தெரியாமல் ஒன்றரை வருடம் இப்படிக் கதைத்தோம்.

பிறகு பெட்டி வந்தது. முடிவுகளை நான் தட்டெழுதினால், அங்கே திரையில் எழுத்தாக விழும். வாயால் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியும் நேசம் அக்காவின் வேலையைத்தான் செய்தது. ஒவ்வொரு எழுத்தையும் பூச்சியமும் ஒன்றுமாக மாற்றி, அதோடு சரிபார்ப்பதற்கென்று மேலதிகமாகச் சில பூச்சியம் ஒன்றுகளைச் சேர்த்து அனுப்பும். வழியில் ஒன்று புரண்டால் மறுபக்கத்துப் பெட்டி தானே திருத்தும். திருத்த ஏலாவிட்டால் திருப்பி அனுப்பு என்று கேட்கும். கடலுக்கு மேலால் போகும் அலைக்கு இது கட்டாயம் வேண்டும். காற்றில்லாத கொதி வெயிலில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் அலையும் நேரே போகும் அலையும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். நேசம் அக்கா பெட்டியைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். “இது கூட்டிப் பாக்குமோ?” என்று கேட்டார். பார்க்கும் என்று நான் பொறுப்புச் சொன்னேன். அன்றோடு வாயால் சொல்வதை விட்டோம்.

எங்கள் மனேச்சர் தயாபரன் சேர் எப்போதும் வாயில் கராம்பு வைத்திருப்பார். குனிந்து கதைத்தால் அந்த மணம் முகத்தில் அடிக்கும். இன்றுவரை நான் கறிக்குக் கராம்பு போடுவதில்லை. வீட்டில் காரணம் கேட்டால் ஒவ்வாமை என்கிறேன். பொய்யில்லை.

திட்டத்துக்கு உதவி செய்த வெளிநாட்டுக்காரர் கோபுரத்தைப் பார்க்க வந்தார்கள். அதற்கு முதல் நாள் சேர் வந்து திரையில் இருந்த வேகத்தின் எண்ணைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“பாதிப் பாதையை உந்தச் சரிபாக்கிற சாமானுக்குக் குடுத்துக்கொண்டிருக்கிறம். அதை நிப்பாட்டும்.”

“சேர், பிழை வந்தால்?”

“ஒரு நாளைக்குத்தானே பிள்ளை.”

நிறுத்தினேன். என் விரலால்தான் நிறுத்தினேன். எண் இரண்டு மடங்கானது. வந்தவர்கள் கைதட்டினார்கள், எல்லோரும் படம் எடுத்தார்கள், நானும் நின்றேன். அந்த எண் அறிக்கைக்குப் போயிற்று. அடுத்த மாத அறிக்கையில் அது குறையக்கூடாது என்று சேருக்கு ஆசை. சரிபார்ப்பைத் திருப்பிப் போடுவோமா என்று ஒருமுறை கேட்டேன். “இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கேல்லைத்தானே” என்றார்.

நடந்தது. ஒருநாள் மேரி அம்மா என்ற நோயாளியின் பெயர் அங்கே மேவி என்று விழுந்தது. ஆங்கில R எழுத்துக்கும் V எழுத்துக்கும் இடையில், பெட்டியின் கணக்கில், ஒரேயொரு பூச்சியம்தான் வித்தியாசம். நேசம் அக்கா எடுத்துச் சொன்னபோது நான் சிரித்தேன். “மேவி வடிவான பேர் அக்கா” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “உம்மடை பெட்டி இப்பவும் கூட்டிப் பாக்குதோ?” என்றார். பார்க்குது என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடிக்கிறேன்.

ஒரு பங்குனி மாதம், காற்று அசையாத பின்னேரம். சுகந்தி அக்காவின் முடிவு வந்தது. ஆறு தசம் ஒன்று. கூடிப்போயிருந்தது, உடனே குளிசையை நிறுத்த வேண்டிய எண். கொப்பியில் எழுதினேன், தட்டினேன், அனுப்பினேன். பெட்டியின் கணக்கில் ஆறு இரண்டாவதற்கும் ஒரேயொரு ‘ஒன்று’ பூச்சியமானால் போதும். அங்கே திரையில் இரண்டு தசம் ஒன்று என்று விழுந்தது. குறைவாக இருக்கிறதே என்று இளம் டொக்டர் குளிசையைக் கூட்டிவிட்டார். திரையில் இருந்த எண்ணுக்கு அவர் செய்தது முழுச்சரி. சுகந்தி அக்கா வழமை போல் கீரையைத் திட்டியிருப்பார்.

ஐந்தாம் நாள் காலை தொலைபேசி அடித்தது. நேசம் அக்கா.

“சுகந்தியின்ரை எண்ணை எனக்கு வாயாலை சொல்லும்.”

“ஏன் அக்கா?”

“பல்லு முரசாலை ரத்தம் வருது. தொட்ட இடமெல்லாம் நீலம். இப்ப தலையிடியெண்டு சத்தி எடுக்கிறாள். சொல்லும் பிள்ளை!”

கொப்பியைத் திறந்தேன். “ஆறு தசம் ஒண்டு.”

மறுபக்கத்தில் அவர் எழுதும் சத்தம் கேட்டது. பிறகு, “கூட்டு?” என்று கேட்டார். பழக்கதோஷம்.

“ஏழு,” என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டார்.

சுகந்தி அக்காவை அம்புலன்ஸ் படகில் பட்டணத்துக்குக் கொண்டுவந்தார்கள். தலைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. உயிர் தப்பினார். வலக்கையும் வலக்காலும் சொல்வழி கேட்காமல் போயின.

மூன்றாம் நாள் சேர் ஒரு கடதாசி தட்டெழுதிக் கொண்டுவந்தார். கருவியின் அமைப்புகளில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை, அசாதாரண காலநிலையே காரணம், பெறும் இடத்தில் முடிவை மீண்டும் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும் என்று இருந்தது. கடைசி வரி நேசம் அக்காவின் தலையில் போடுவதற்கு. சரிபார்ப்பை அதற்கு முன்னமே சேர் சத்தமில்லாமல் திருப்பிப் போட்டிருந்தார்.

“நிப்பாட்டினது உம்மடை கை,” என்றார், கராம்பைக் கடித்துக்கொண்டு. “எனக்காண்டி இல்லை, உமக்காண்டித்தான் சொல்லுறன்.”

கையெழுத்து வைத்தேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. பயந்தேன், வைத்தேன். பேனை நன்றாக எழுதியது என்பதுகூட நினைவிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, சுகந்தி அக்கா நெடுந்தீவுக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். ஒரு பை தோடம்பழம் கொண்டு போனேன். அந்தப் பையை நினைத்தாலே இப்போதும் உடம்பு கூசுகிறது. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டார்.

“நீர்தானோ தங்கச்சி? நல்ல உயரமாய் இருப்பீர் எண்டு நினைச்சனான்.” சிரித்தார். வாய் ஒரு பக்கம் இழுத்தது. “அம்மா, தேத்தண்ணி வையுங்கோ.”

பள்ளியில் மாற்றுக்கு ஆள் இல்லை, மூடிக் கிடக்கிறது என்றார். நேசம் அக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டார்களாம், பாவம் என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டியவர்கள், மேவி, கடதாசி எல்லாம்.

“நீர் அதிலை கையெழுத்து வைச்சனீரோ?”

“ஓம் அக்கா.”

“பொய்யெண்டு தெரிஞ்சோ?”

“தெரிஞ்சுதான்.”

அவர் என்னைத் திட்டவில்லை. குசினிப் பக்கம் திரும்பிச் சொன்னார், “அம்மா, தேத்தண்ணி வேண்டாம். இவ போகப்போறா.”

போனேன். படகில் ஒரு மணி நேரம். தோடம்பழப் பையும் என்னோடு திரும்பி வந்தது. அதை அவர் தொடவில்லை.

அடுத்த நாள் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தியசாலைக்கும் நிறுவனத்துக்கும் அனுப்பினேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். தேத்தண்ணி கிடைக்காததால் எழுதிய கடிதம் அது. நேசம் அக்காவின் மேல் இருந்த குற்றத்தை எடுத்தார்கள். அந்தளவுதான். என்னை வேலையால் நிறுத்தினார்கள், அது சரி. தயாபரன் சேர் பதவி உயர்ந்து தெற்கே போனார். அந்த வேக எண் அவருடைய பெருமைகளில் ஒன்றாக எங்கோ எழுதப்பட்டிருக்கும். நேசம் அக்கா எனக்கு ஒரு முறைதான் பிறகு தொலைபேசி எடுத்தார். “கடிதம் கண்டனான்,” என்றார். அதோடு வைத்துவிட்டார்.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டுதான் போன மாதம் நெடுந்தீவில் இறங்கினேன். வந்தது ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கு. ஆனால் கால் வைத்தியசாலைப் பக்கம் போயிற்று. பள்ளி இருந்த வளவில் சுற்றுலாக்காரருக்கு அறை கட்டியிருக்கிறார்கள். சின்னக் கதிரைகள் இருந்த இடத்தில் காலிப் போத்தல்கள் குவிந்து கிடந்தன, அவற்றின்மேல் இலையான் மொய்த்தது. சுகந்தி அக்காவை அவருடைய தமையன் வவுனியாவுக்குக் கூட்டிப் போனாராம். அதற்குப் பிறகு ஒருவருக்கும் தெரியாது. நேசம் அக்கா மகளோடு வெளிநாட்டில். சுருவில் கோபுரத்தையும் கழற்றி இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பதிவறையில் இருந்த பெண்ணிடம், பழைய கோப்பு ஒன்றில் என் கடிதம் இருக்க வேண்டும், பிரதி எடுக்கலாமா என்று கேட்டேன். அதை யாருக்குக் காட்டப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

“அந்தக் காலத்துக் கோப்பெல்லாம் இல்லை அக்கா,” என்றா அவ. “கூரை ஒழுகி ஊறிப் போச்சுது. ஒரே நாத்தம். எல்லாத்தையும் அள்ளிக்கொண்டுபோய் எரிச்சுப்போட்டம்.”

“எல்லாமோ?”

“ஒரு துண்டும் இல்லை.”

நான் எழுதிய உண்மையும் நான் கையெழுத்து வைத்த பொய்யும் ஒரே நெருப்பில் போய்விட்டன. இனி யாரும் வாசிக்க ஏலாது. ‘ஒரு துண்டும் இல்லை’ என்று காதில் விழுந்ததும் என் நெஞ்சு ஒரு கணம், ஒரேயொரு கணம், இலேசானது. வெளியே வந்து மதிலோரம் குந்தி, காலையில் தின்றதை எல்லாம் சத்தி எடுத்தேன்.