வால்வு அக்கா வாளிக்கு அடியில் நின்றது

வால்வு அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பள நாளன்று மட்டும் அலுவலகத்தில் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் ஊருக்கே அவள் வால்வு அக்காதான். தெருமுனையில் இரும்பு மூடியைத் தூக்கி, குழிக்குள் நீளச் சாவியை விட்டு, இடுப்பை வளைத்து அவள் திருகினால்தான் அந்தத் தெருவுக்குத் தண்ணீர். நேரம் முடிந்ததும் மூடிவிட்டு அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டுவாள். "எங்க தெருவுக்கு மட்டும் ஏன்க்கா இந்த ஓரவஞ்சனை?" என்று கேட்காத தெரு கிடையாது. எல்லாத் தெருவிலும் கேட்டால் அது எப்படி ஓரவஞ்சனை ஆகும் என்று அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள். யார் காதில் ஏறுகிறது?

இப்படி ஊருக்கே தண்ணீர் விடுகிறவளால் சொந்த மகளின் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற முடியாது. அதுதான் கொடுமை. சின்ன வயதில் மகள் பக்கத்து வீட்டுத் தரைத்தொட்டிக்குள் விழுந்துவிட்டாள். உடனே தூக்கிவிட்டார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து தலையில் தண்ணீர் பட்டால் ஊரைக் கூட்டிவிடுவாள். நாலாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஈரத்துணியால் தலையைத் துடைத்துத்தான் விடுகிறார்கள். மழை பெய்தால் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரமாட்டாள். பள்ளி வாட்ச்மேன்தான் அக்காவுக்குப் போன் போடுவார். "வற்புறுத்தாதீங்க. மத்த பிள்ளைங்க தண்ணில விளையாடறதப் பாக்கட்டும். தானா எறங்கினாதான் உண்டு" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் வீட்டுக்காரருக்கு யோகம் அடித்தது. அவர் தையல்காரர். கட்டடத்துக்குள்ளேயே தண்ணீர்ப் பூங்கா வைத்த புது ஹோட்டலுக்குச் சீருடை தைத்துக் கொடுத்திருந்தார். தையலைப் பார்த்துச் சொக்கிப்போன மேனேஜர், குடும்பத்தோடு வந்து ஒருநாள் தங்கிவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார். மூன்று பேருக்கும் நீச்சல் உடுப்பை வீட்டுக்காரரே தைத்தார், பாக்கெட்டோடு. "தண்ணிக்குள்ள எதுக்குங்க பாக்கெட்டு?" என்றாள் அக்கா. "பாக்கெட் இல்லாம தச்சா எனக்குக் கை ஓட மாட்டேங்குது" என்றார் அவர்.

ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் அக்கா தேடியது வாளியை. இல்லை. சும்மா இருப்பாளா? குளியல் தொட்டியை விளிம்புவரை நிரப்பினாள். வெந்நீர் போடுகிற கெட்டிலையும் நிரப்பினாள். "இங்க தண்ணி நிக்காது. மூடுறதுக்கு ஆள் நீதான், நீயே லீவுல இருக்க" என்று தையல்காரர் சிரித்தார்.

கீழே பூங்காவின் கதவைத் திறந்ததும் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். வெளியே குளிர் நடுக்கியெடுக்க, உள்ளே கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெதுவெதுவென்று ஒரு ஆறு சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. கூரையை முட்டும் உயரத்திலிருந்து சறுக்குக் குழாய்கள் வளைந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் தாராளமாக நிமிர்ந்து நடக்கலாம். அவள் வாழ்நாளில் திறந்துவிட்ட தண்ணீரெல்லாம் யார் வீட்டுக் குடத்துக்குள்ளேயோ போய் ஒளிந்துகொண்டது. இங்கே அத்தனையும் ஒரே இடத்தில் கூடி, யாருக்கும் பயப்படாமல் குதிப்பதுபோல் இருந்தது. சண்டை இல்லை, வரிசை இல்லை. இவ்வளவு தண்ணீர் உலகத்தில் இருக்கிறதா என்று அவளுக்கு மெய் சிலிர்த்தது. கும்பிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மகள் மட்டும் அசையவில்லை. காய்ந்த பெஞ்சு ஒன்றைக் கண்டுபிடித்து, பாக்கெட்டுக்குள் கைவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அக்கா வாயைத் திறக்கவில்லை, டாக்டர் சொல்லியிருக்கிறாரே. காலை முழுக்கப் போயிற்று. பிள்ளைகள் சறுக்கினார்கள், கூச்சல் போட்டார்கள். இவளுடைய கால் கட்டைவிரல்கூட நனையவில்லை. நாளைக் காலையில் அறையைக் காலி செய்யவேண்டும். இதையும் விட்டால் இவளுக்கு வேறு வழியே இல்லை என்று அக்காவுக்குப் பட்டது.

நடுவில் ஒரு மேடை. அதன் உச்சியில் ஒரு அறை அளவுக்கு வாளி ஒன்று தொங்கியது. காலையில் அது சும்மா கிடந்ததால் அக்கா அதை அலங்காரத்துக்கு வைத்தது என்றே நினைத்திருந்தாள். மதியம் யாரோ அதற்குத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். திடீரென்று மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து வாளிக்கு நேர் கீழே குவிந்தார்கள். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். வாளி மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது.

மேல்நிலைத் தொட்டிகளோடு பிழைக்கிறவளுக்குச் சாய்கிற தொட்டி என்றால் ஒரே அர்த்தம்தான்.

"தொட்டி விழுது! ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!"

அவள் உள்ளே பாய்ந்தாள். கைக்கு அகப்பட்ட பிள்ளைகளை இழுத்து வெளியே தள்ளினாள். தள்ளத் தள்ள அதுகள் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தன. அதற்குள் வாளி கவிழ்ந்தது. வானமே பொத்துக்கொண்டு கொட்டினமாதிரி அவள் தலையில் இறங்கிய தண்ணீர் அவளைக் குப்புறத் தள்ளியது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் எது மேல், எது கீழ் என்று அவளுக்குத் தெரியவில்லை.

யாரோ அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். சின்னக் கை.

"அம்மா! எந்திரிம்மா! உனக்குத்தான் நீச்சல் தெரியாதுல்ல, எதுக்கு உள்ள வந்த?"

மகள் இரண்டு கையாலும் அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீரை வழித்து எறிந்தாள். மேடையிலிருந்து இன்னும் சாரல் கொட்டிக்கொண்டிருந்தது. மகளுடைய தலைமுடி நெற்றியில் ஒட்டி, மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது. கோபத்தில் அவளுக்கு அது தெரியவே இல்லை. தையல்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து, "ஏய், பாப்பா தலை..." என்று ஆரம்பித்தார். அக்கா ஒரு முறை முறைத்தாள். மனுஷர் கப்சிப்.

அதற்குள் வாளி நிரம்பி, மறுபடியும் மணி அடித்தது.

அக்கா குதித்தெழுந்தாள். "வா, வெளிய போயிரலாம்" என்று மகளின் கையைப் பிடித்தாள். மகள் அண்ணாந்து பார்த்தாள். வாளி சாயத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். விரல்களைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். எந்த நொடியிலும் கத்துவாள் என்று அக்கா காத்திருந்தாள்.

"அது கீழ விழாதும்மா. சங்கிலி போட்டிருக்கு, பாரு" என்றாள் மகள். "நீ பயப்படாத. நான் உன்னப் புடிச்சுக்கறேன்."

வால்வு அக்கா அவளை ஒட்டி நின்றுகொண்டாள்.