சாவியால் கன்னம் வைத்தவன்

எங்கள் கேளம்பாக்கம் அப்பார்ட்மென்ட்டில் வீட்டுச் சாவி எங்கே இருக்கும்? வாசலில் கிடக்கும் ஷூவுக்குள். வேலைக்கு வருகிற அம்மாவுக்குத் தெரியும், கேஸ் சிலிண்டர் போடுபவருக்குத் தெரியும்... சமீபத்தில் ஒரு திருடனுக்கும் தெரிந்துவிட்டது.

அவன் நுழைந்தது எதிர் ஃபிளாட் மும்தாஜ் வீட்டில். அவர் திருவிடந்தைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கணவர் பஷீர் தன் செல்போன் கடையில். வந்தவன் பீரோவைக் குடைந்து, துணிகளைக் கட்டிலில் குவித்து, ஃப்ரிட்ஜில் இருந்து ஜில்லென்று தண்ணீரும் குடித்திருக்கிறான். நகையெல்லாம் கல்யாணத்துக்குப் போன மும்தாஜின் கழுத்தில். ஏமாந்தவன் கதவைப் பூட்டி, சாவியை மறுபடி ஷூவிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒழுக்கமானவன்தான்.

கம்ப்ளெய்ன்ட் கொடுக்கணும் என்றார் மும்தாஜ். பஷீர் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். "ஒண்ணும் போவல. பூட்டும் உடையல. இன்னான்னு கேஸு குடுக்கிறது? ஸ்டேஷன்ல சிரிப்பாங்க சார்" என்றார் என்னிடம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பொருளே போகவில்லை என்றால் திருட்டு ஏது?

மும்தாஜ் விடவில்லை; பஷீரையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன். அங்கே இருந்த பெண் எஸ்.ஐ. சிரிக்கவில்லை.

"பஸ்ல பர்ஸ் அடிச்சா திருட்டு. கத்தியைக் காட்டிப் புடுங்கினா வழிப்பறி. இது வேற சார். திருடணும்னு பூட்டைத் தொறந்து வூட்டுக்குள்ள வந்தாலே கன்னக்களவு. பொருள் கெடைச்சுதா இல்லியாங்கிறது அப்புறம்."

"எங்க சாவியிலதான் மேடம் தொறந்தான்" என்றார் பஷீர்.

"கண்டெடுத்த சாவின்னாலும் உடைச்ச மாதிரிதான். சட்டத்துலயே கீது."

இதே ஆள் திறந்து கிடந்த கதவு வழியாக வந்திருந்தால் அத்துமீறி நுழைந்த குற்றம் மட்டும்தானாம், தண்டனையும் குறைவாம். மற்ற கேஸ்களில் என்ன போச்சு என்று கேட்கிற சட்டம், இதில் மட்டும் எப்படி உள்ளே வந்தான் என்று கேட்கிறது. ஒரு பூட்டுக்கு இத்தனை மரியாதையா? எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

எஸ்.ஐ. எழுத ஆரம்பித்தார். "பொருள் எதுனா போச்சாம்மா?"

"ஒண்ணும் போவல மேடம்" — பஷீர் முந்திக்கொண்டார்.

மும்தாஜ் அவரைத் திரும்பிப் பார்த்தார். "போவலையா? அன்னிலேருந்து என் வூட்டுக்கு நானே கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள போறேன். எவனாவது இருக்கானோன்னு பயந்துகினு. உங்களுக்குத் தெரியுமா?"

பஷீருக்குத் தெரியாது.

"கையெழுத்து எங்க போடணும் மேடம்?" என்று கேட்டவர் அவர்தான்.