வலிக்கக் கூடாது

அம்மா மல்லாந்து படுத்து நான் பார்த்ததே இல்லை. ஒருக்களித்துத்தான் தூங்குவாள், அதுவும் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் உடனே எழுந்து ஓடத் தயாராக. அப்படிப்பட்டவள் அந்த வருஷம் காலையும் சாயங்காலமும் எங்கள் இரும்புலியூர் வீட்டுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். உள்ளங்காலில் ஒரு துண்டு. துண்டின் இரண்டு முனையும் கையில். கால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மேடவாக்கம் பக்கமெல்லாம் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டில் எழும்பியது அம்மாவின் கால் ஒன்றுதான்.

அம்மா மீன் விற்றவள். கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்து, கல்யாணமாகித் தாம்பரத்துக்கு வந்தவள். அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பின் முதல் ரயிலைப் பிடித்து காசிமேட்டுக்குப் போய், அன்னக்கூடை நிறைய மீனோடு திரும்பி, சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்குப் பக்கத்தில் குந்தி விற்பதுதான் அவள் பிழைப்பு. குந்தி என்றால் குந்தித்தான். இரண்டு முட்டியும் மடங்கி மார்புக்கு வந்துவிடும். அரிவாள்மனையை ஒரு காலால் மிதித்துக்கொண்டால்தான் மீனை வெட்ட முடியும், கூறு கட்டிய மீனுக்குக் கை எட்டும். நான் படித்ததும், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் மின்விசிறிக்கடியில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்மா அப்படிக் குந்தியதால்தான்.

முட்டி பன் ரொட்டி மாதிரி உப்பியபோதும் அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் குந்திய இடத்திலிருந்து எழவே முடியாமல், பக்கத்தில் கடை போடுகிறவள் தூக்கிவிட்டு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் டாக்டர்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஜவ்வு சுத்தமாகத் தேய்ந்துவிட்டது, எலும்பும் எலும்பும் உரசுகிறது என்றார். முட்டியை எடுத்துவிட்டுச் செயற்கை முட்டி வைக்கலாம், ஆபரேஷன் என்றதும் அம்மா, "கட்ட முட்டில்லாம் வாணாம் சார்" என்று எழுந்துவிட்டாள். எழ அவளுக்கு நேரம் பிடித்தது என்பது வேறு. அப்படியானால் மாத்திரை, பயிற்சி, கீழே உட்காரவே கூடாது என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். அம்மா சரி சரி என்று தலையாட்டினாள். அவ்வளவு சுலபமாகத் தலையாட்டுகிற ஆள் இல்லை அவள். எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது, ஆனால் வரிசையில் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

கேம்ப் ரோட்டில் விற்கிற இடத்தைப் பற்றி மட்டும் அவளுக்குக் கவலை. அன்று தூக்கிவிட்ட பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லி அனுப்பினாள். "நீ நல்லாயி வாக்கா, ஒன் எடத்த நான் பாத்துக்கறேன்" என்று அவள் பதில் சொல்லி அனுப்பினாள். அம்மாவின் இடத்தில் ஒரு காலி அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து நான் பார்ப்பேன்.

பயிற்சி சொல்லிக்கொடுக்கும் இடம் மாடியில் இருந்தது. முட்டி தேய்ந்தவர்களை மாடிப்படி ஏறவைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை, தெரிந்திருந்தால் அவன் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட்டிருப்பேன். மேலே ஒரு சின்னப் பெண் இருந்தாள், நல்ல பெண். தொடைக்குப் பின்னால் இருக்கிற சதை காலமெல்லாம் மடங்கியே இருந்து இறுகிப்போயிருக்கிறது, அதனால் முட்டி நேராக நீள மாட்டேன் என்கிறது, அதைத் தளர்த்தினால் முட்டிமேல் விழுகிற பாரம் குறையும் என்று பொறுமையாகச் சொன்னாள். அம்மாவைப் படுக்கவைத்துத் துண்டை மாட்டினாள்.

"கால் மேல வரட்டும்மா. மூச்ச அடக்காதீங்க, வெட்டி வெட்டி இழுக்காதீங்க. பின்னாடி கொஞ்சம் டைட்டா தெரியும், அவ்வளவுதான். ஆனா வலிக்கக் கூடாது. வலிக்கவே கூடாது, சரியா?"

"சரிம்மா" என்றாள் அம்மா.

வீட்டில் ஒரு வேளை தவறாமல் செய்தாள். எத்தனை எண்ணும்வரை காலை அப்படியே வைத்திருக்க வேண்டுமோ அத்தனையும் எண்ணினாள், ஆனால் ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டாள். வியாபாரத்தில் முதல் எண்ணுக்கு லாபம் என்று பெயர். எனவே லாபம், ரெண்டு, மூணு. கால் இறங்கும், மறு கால் ஏறும், மறுபடி லாபம். நான் சமையலறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு நம்பிக்கை என்கிற சமாச்சாரம் ஒத்துவராது. தேய்ந்தது தேய்ந்ததுதான் என்று எனக்குத் தெரியும். அந்த லாபத்தைக் கேட்டால் எரிச்சலாக வரும்.

வாரங்கள் போயின. முட்டி இருந்தபடியே இருந்தது. மறுபடி மாடி ஏறினோம். செய்து காட்டச் சொன்னாள் அந்தப் பெண். அம்மா படுத்து, துண்டை மாட்டி, காலைப் பாதிக்குத் தூக்கினாள். துண்டு கொடியில் காயப்போட்ட மாதிரி தொங்கியது.

"ஏம்மா, துண்ட இழுக்கலையா?"

"நீதானம்மா வலிக்கக் கூடாதுன்ன? ஒரு தபா இல்ல, ரெண்டு தபா சொன்ன."

அந்தப் பெண் விழித்தாள். எனக்குத்தான் உறைத்தது. அம்மா பிறந்த வீட்டில் துடுப்பு வலிப்பார்கள், கயிறு வலிப்பார்கள். வலிப்பது என்றால் இழுப்பது. உடம்பில் வருவதற்கு அங்கே பெயர் நோவு. கால் நோவுது, முட்டி நோவுது என்றுதான் அம்மா ஆயுள் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். துண்டை மாட்டிக்கொள், ஆனால் இழுக்கவே இழுக்காதே என்று டாக்டர் அனுப்பிய இடத்துப் பெண் சொன்னால் அதில் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பி, இத்தனை வாரமும் கையை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். நான் அதை விளக்கிச் சொன்னதும் நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அந்தப் பெண்ணுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வருஷத்தில் நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அம்மா சிரித்ததற்குக் காரணம் வேறு. "அதான் கொணம் ஆவல" என்று படியில் இறங்கும்போது சொன்னாள். "சரியா பண்ணாம எப்டி ஆவும்? இனிமே பாரு."

இனிமேல் பார்த்தேன். வலித்தாள், அவள் பாஷையில். நோகாமல்தான், ஆனால் ஒழுங்காக. சில வாரங்களில் கால் நேராக மேலே போனது. கட்டிலிலிருந்து எழும்போது போடுகிற சத்தம் குறைந்தது. தெருமுனைப் பால் பூத்துக்குத் தானாகப் போய்வந்தாள். ஒருநாள் என்னையும் அறியாமல் அவளோடு சேர்ந்து லாபம், ரெண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். புத்தி கெட்டுப்போனது எனக்கு.

அடுத்த முறை அந்தப் பெண் முட்டியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சூப்பர்மா, நல்லா நீளுது" என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

"அப்ப பத்தியம் எப்பம்மா முறிக்கலாம்?"

"பத்தியமா? சாப்பாடெல்லாம் எப்பவும்போலச் சாப்பிடலாமே."

"சாப்பாடு இல்லமா. குந்தறது."

டாக்டரிடம் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மஞ்சள் காமாலைக்கு உப்பில்லாக் கஞ்சி குடிப்பதுபோல, மருந்து முடிகிறவரைக்கும் குந்தாமல் இருக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். மருந்து முடிந்தால் பத்தியம் முறித்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, மறுநாள் முதல் ரயில். துண்டும் லாபமும் எல்லாமே அதற்காகத்தான்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"இனிமே எப்பவும் குந்தக் கூடாதும்மா. இந்த எக்சர்சைஸ் நீங்க நடக்கறதுக்கு. நோவு கம்மியாவறதுக்கு." நோவு என்கிற வார்த்தையை அவள் ஞாபகமாகத் தேடி எடுத்துப் போட்டாள். இந்தத் தடவை அம்மாவுக்குத் தப்பாகப் புரிய வழியே இல்லை.

"அப்ப குந்தறதுக்கு எந்த எக்சைஸு?"

"அதுக்கு ஒண்ணும் இல்லம்மா."

கீழே இறங்கி ஜிஎஸ்டி ரோட்டோரம் ஆட்டோவுக்கு நின்றோம். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அம்மா கேட்டாள். "அப்ப இத்தினி நாளு இன்னாத்துக்கு கால தூக்கினேன்?"

"நடக்கிறதுக்குத்தான் சொன்னாங்களே."

"நடந்து எங்க போவ?"

ஸ்டூல் வாங்கித் தருகிறேன், மேஜை போட்டு விற்கலாம் என்றெல்லாம் சொன்னேன். அந்த நடைபாதையில் மேஜை போட ஒரு நாள்கூட விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.  மறுநாள் அம்மா, வேலைக்குப் போகிற வழியில் கேம்ப் ரோட்டில் இறங்கி, இடத்தைப் பக்கத்துக் கடைக்காரியையே எடுத்துக்கொள்ளச் சொல் என்று என்னிடம் சொன்னாள். நான் போய்ச் சொன்னதும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் நான் திரும்பும்போது அம்மாவின் இடம்வரை அவளுடைய கூறுகள் பரவியிருந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை, யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

அம்மா துண்டை விடவில்லை. எண்ணுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் வாங்கப் போகலாம் வா என்றாள். அவள் கேம்ப் ரோட்டில் மீன் வாங்கியதே கிடையாது. ஆட்டோவிலிருந்து இறங்கி நன்றாகத்தான் நடந்தாள். அந்தப் பெண் உண்மையிலேயே நல்ல வேலை செய்திருந்தாள். கடைக்காரி எங்களைப் பார்த்ததும், "வாக்கா வா, குந்துக்கா" என்று கோணியை இழுத்துப் போட்டுவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும், நிக்கறேன்" என்றாள் அம்மா.

பக்கத்தில் ஒருவர் ஸ்கூட்டரைவிட்டு இறங்காமலே விலை கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவரோடு நின்றாள். குனிந்து மீனைத் தொட முடியவில்லை. மேலே இருந்தபடியே சங்கராவைக் காட்டி, "நல்லாக்கீதா?" என்று கேட்டாள்.

"காலைல எடுத்ததுக்கா" என்று சொல்லி, மீனை வெட்டக்கூட ஆரம்பிக்காமல் அடுத்த ஆளுக்கு விலை சொன்னாள் கடைக்காரி. முழுசாகவே கொடு, வீட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்று அம்மா பையை நீட்டினாள்.

வீட்டில் நான்தான் மீனைக் கழுவினேன். செவுளைத் திறந்தால் வெளுத்துப்போய் இருந்தது. ஐஸில் ரெண்டு மூன்று நாள் கிடந்த மீன். எனக்கு வந்த கோபத்தில் கத்தியைத் தொட்டியில் போட்டேன். "உன் இடத்துல உக்காந்துக்கிட்டு உனக்கே ஐஸ் மீன் போடறா பாரு. இரு, போய்க் கேட்டுட்டு வரேன்."

அம்மா சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையை வாங்கும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"வுடுடி" என்றாள். "நின்னுகினு கேக்கறவங்களுக்கு மேல கீற பழசத்தான் போடுவோம். நானும் அப்டித்தான் போட்டேன்."

பிறகு, புளியைக் கொஞ்சம் தூக்கலாக ஊற்றச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.