ஒன்றும் முளைக்காத ஆறு தட்டுகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தென்காசியில் கால்நடை ஆய்வுக்கூட வேலைக்கு வந்த பிறகும் அது குறையவில்லை.

சுரண்டைக்குப் பக்கத்தில் ஓர் அக்கா பன்றி வளர்த்தார். குற்றாலம் லாட்ஜுகளில் மிஞ்சும் சோறுதான் தீவனம். அந்தச் சாரல் சமயத்தில் இரண்டு பன்றிகள் வலிப்பு வந்து செத்துப்போயின. மூன்றாவது ஒருக்களித்துப் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொல்லித் தெருவே திரண்டு நின்றது.

போய்ப் பார்த்தேன். நோயுற்ற பன்றியின் தொண்டையிலும் நன்றாயிருக்கும் ஆறு பன்றிகளின் தொண்டையிலும் உள்ள கிருமியை ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே ரகம் என்றால் ஆறையும் கொன்று புதைக்க வேண்டியதுதான். வேறு ரகம் என்றால் பிழைத்துக்கொள்ளும். அந்த ஆறையும் விட்டால் அக்காவுக்கு வேறு பிழைப்பு இல்லை.

நாள் சொல்லிவிட்டு, இரண்டாம் முறை போய்ப் பஞ்சுக்குச்சியால் தொண்டையைத் தடவி எடுத்துவந்து, பன்றிக்கு ஒன்றாகக் கிருமி வளர்க்கும் தட்டுகளில் தேய்த்துவைத்தேன். நோய்ப்பன்றியின் தட்டில் கிருமி கொத்துக்கொத்தாக வளர்ந்தது. மற்ற ஆறு தட்டும் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. பன்றித் தொண்டையில் கிருமியே இல்லை என்பது, சீசன் நேரத்தில் குற்றாலம் மெயினருவியில் கூட்டமே இல்லை என்பது போல. எனக்குத் தலைக்கேறிவிட்டது. மறுபடியும் வண்டியை எடுத்தேன்.

“என்னக்கா செஞ்சீங்க? ஒளிக்காம சொல்லுங்க!” என்று வாசலிலேயே கத்தினேன்.

அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். “நீங்க வாறேன்னு சொன்னீகள்லா. காலைல எந்திச்சு, புண்ணுக்குப் போடுத செவப்பு மருந்தத் தண்ணில கலந்து, குச்சில துணியச் சுத்தி, ஆறு வாயையும் தொண்ட வரைக்கும் தொடச்சுவிட்டேன். சீக்குப்பன்னிக்கு வலிக்குமேன்னு அத மட்டும் தொடல.”

“யாரு அப்படிச் செய்யச் சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லல. மொதல்ல வந்தப்போ கைக்குட்டையால மூக்கப் பொத்திக்கிட்டே நின்னீக. திரும்பவும் அப்படி நிக்கப்பிடாதுன்னுதான்.”

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு எங்காவது ஓடி ஒளியலாம் போலிருந்தது. அந்த மருந்து கிருமியைக் கொன்றுவிடும், இனி வாயைத் துடைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மன்னிப்புக்கூடக் கேட்கத் தெரியாமல் திரும்பினேன்.

சில நாள் விட்டு நான்காம் முறை போனபோது கைக்குட்டையை வண்டியிலேயே வைத்துவிட்டேன். நாற்றம் இல்லாமலில்லை. கையுறை போட்டுக்கொண்டு சேற்றில் மண்டியிட்டேன். அக்கா ஒவ்வொரு பன்றியாகக் கொஞ்சிப் பிடித்துக் கொடுத்தார்.

இந்தத் தடவை ஆறு தட்டிலும் கிருமி வளர்ந்தது. ரகத்தை ஒப்பிட்டு முடிவு வருவதற்குள் நோய்ப்பன்றி செத்துவிட்டது. முடிவைப் பார்த்ததும் போன் போட்டேன்.

“அக்கா, ஆறையும் வச்சுக்கலாம்.”

அழுதுவிட்டார். கொஞ்சம் தெளிந்ததும், “அப்போ எம் பன்னிக வாயில கிருமியே இல்லியா, டாக்டரம்மா?” என்று கேட்டார்.

“இருக்கு. ஆனா கொல்லுத ரகம் இல்ல. எல்லா வாயிலயும் ஏதோ ஒண்ணு இருக்கத்தான் செய்யும். உங்க வாயில இருக்கு, என் வாயிலயும் இருக்கு.”

“உங்க வாயிலயுமா?”

“ஆமாக்கா.”

சிரித்தார். அதுவரை அவர் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, “அடுத்த மட்டம் வந்தா எங்க வீட்டுல ஒரு வாய் காப்பி குடிப்பீகளா?” என்றார்.

நான்கு தடவை அந்த வாசலுக்குப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் அப்படிக் கேட்க அவருக்குத் துணிவு வந்தது.