பச்சரிசி தின்ற மகள்

பத்தாம் வகுப்பு படிக்கும்போது என் மகளுக்குப் பச்சரிசிப் பைத்தியம் பிடித்தது. முறுக்குக்கு ஊறவைத்து வேட்டியில் உலர்த்தினால், நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு பிடி காணாமல் போயிருக்கும். "இப்படித் தின்னா உன்ற கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும் கண்ணு" என்று நானும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேலி செய்வோம். "கொட்டட்டும், எல்லாரையும் கொடையோட வரச் சொல்லு" என்பாள். வாய்க்குக் குறைச்சலே இல்லை.

அப்படிப்பட்டவள் கபடித் திடலில் அடங்கிப்போனாள். பாடிக்கொண்டே எதிரணிக்குள் போனவள் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாளாம். டாக்டரிடம் காட்டி உடம்பு சரியானால்தான் அணியில் இடம் என்று விளையாட்டு டீச்சர் சொல்லிவிட்டார். அன்று அவள் அழுததைப் பார்த்து மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா கேட்டார்: "ஏனுங்க, பாப்பா அரிசி, சாக்பீஸ்னு ஏதாச்சும் திங்குதுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமாங்க, எந்நேரமும் அரிசிதானுங்க."

"இரும்புச்சத்து கொறஞ்சா அப்படித் திங்கத் தோணுமுங்க."

மாத்திரை எழுதினார். சாப்பாட்டோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது என்றும் சொன்னார்.

எங்கள் வீட்டில் சாயங்காலச் சாப்பாடே டீயும் பன்னும்தான். பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. அங்கே பழகியதை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தேன். இனி விடுவேனா? பள்ளிப் பையில் எள்ளுருண்டை ஏறியது. சாயங்காலம் முருங்கைக்கீரை போட்ட ராகி அடை, கூடவே மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா. மகராசி கீரையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் வைத்தாள். மறுநாள் அரைத்தே கலந்துவிட்டேன்.

"இதென்னம்மா, பச்சைப் பசேல்னு?"

"கபடி வேணுமா, வேண்டாமா?"

தட்டை இழுத்து வைத்துத் தின்றாள். மாத்திரையையும் நான் விடவில்லை.

சில மாதம் கழித்து ரத்தம் தேறிவிட்டது என்றார் டாக்டரம்மா. டீச்சரும் கூப்பிட்டுக்கொண்டார். முதல் நாள் ஆடிவிட்டு வந்தபோது கூடத்தில் முறுக்கு அரிசி உலர்ந்துகொண்டிருந்தது. முழங்காலெல்லாம் புழுதியோடு அதன் பக்கத்தில் வந்து குனிந்தாள். மறுபடியும் அரிசியா என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

ஃபேன் காற்றில் மடங்கிக் கிடந்த வேட்டி முனையை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, பாட்டு நிக்காம ரெண்டு பேரைத் தொட்டுட்டு வந்தேன். பசிக்குது, அடை இருக்குதா?"

"போ, உன்ற கல்யாணத்துக்கு மழையே வராது" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லை அடுப்பில் வைத்தேன்.